தொக்தோசுன் கொடுத்த ஆசி

பெரிய சந்தையில் காரட் சாலட் விற்கும் கொரியக்காரம்மாதான் முதலில் சொன்னாள். அவளுக்கு அவள் மைத்துனன் சொன்னானாம். அவனுக்கு அவன் டாக்சியில் ஏறிய யாரோ ஒருவர்.

"நூலகத் தெருவுல ஓக் மரமெல்லாம் காஞ்சு நிக்குதே, ஏன்னு தெரியுமா? அந்தத் தண்ணிக்காரன் மரத்துக்கு விட வேண்டியத கார் கழுவுற கடைக்குத் திருப்பி விட்டுட்டானாம். ரெண்டு வருஷமா! இப்ப வேலைய விட்டு எடுத்துட்டாங்க. வெக்கம் தாங்காம மலைக்கு ஓடிட்டான்னு பேச்சு. பூண்டு சேத்துப் போடவா?"

"போடுங்க" என்றேன். அந்தத் தண்ணீர்க்காரரை எனக்கு ஏழு வருடமாகத் தெரியும். அவர் திருப்பி விடவில்லை என்பதற்கு எழுத்தில் சாட்சி என் வீட்டில் இருந்தது. பையை நீட்டி சாலட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவர் பெயர் தொக்தோசுன். அறுபத்து நான்கு வயது. பிஷ்கெக் நகரத்தில் எங்கள் பகுதியின் முராப். மலையிலிருந்து இறங்கும் பனிநீரைத் தெருவோர வாய்க்கால்களில் முறை வைத்துத் திறந்து விடுகிறவர். ஏப்ரலில் தண்ணீர் வரும், அக்டோபரில் நிற்கும். அந்த ஏழு மாதமும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் தோளில் மண்வெட்டியும் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. நாரின் என்ற ஊர்ப் பக்கத்து மலையில் பிறந்தவர். அவருக்கு முன்னால் பிறந்த மூன்று குழந்தைகள் தங்கவில்லை, அதனால் 'இவன் நிற்கட்டும்' என்று பொருள் வரும்படி அந்தப் பெயர். ஏரியைத் தவிர வேறு பெரிய தண்ணீரைப் பார்த்திராதவரை சோவியத் ராணுவம் கடற்படையில் போட்டு மூன்று ஆண்டு கப்பலில் வைத்திருந்தது. "அவ்வளவு தண்ணி, ஒரு செடிக்கு ஊத்த முடியல" என்பார் அந்த மூன்று ஆண்டைப் பற்றி. கூட்டுப்பண்ணை கலைந்தபோது மனைவி பூபுசாராவோடு நகரத்துக்கு வந்தார். வந்ததும் கிடைத்த வேலை இது. இருபத்தாறு வருடம் இதையே பார்த்தார்.

எங்கள் வாசிப்பு வட்டத்துக்குள் அவர் வந்ததே ஒரு தப்பினால்தான். ஒரு வசந்தத்தில் இலைக்குப்பை அடைத்து, வாய்க்கால் நிரம்பி, நூலகத்தின் அடித்தளத்துக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்க வந்தவர், பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றார். உள்ளே நாங்கள் ஏழெட்டுப் பேர் வாசித்துக்கொண்டிருந்தோம்.

வட்டத்தைத் தொடங்கியவர் கிளை நூலகர் அனார்குல் எஜே. எஜே என்றால் அக்கா. நகரங்களைப் பற்றிய புத்தகங்களை மட்டும்தான் எடுப்போம். சனிக்கிழமைக்கு ஓர் அத்தியாயம், ஆளுக்குக் கொஞ்சமாகச் சத்தம் போட்டு வாசிப்போம். முடிந்ததும் ஒவ்வொருவரும் அது நம் தெருவுக்குப் பொருந்துமா என்று சொல்ல வேண்டும். அப்புறம் ஏதாவது ஒன்றைச் செய்து பார்த்தே ஆக வேண்டும். "வாசிச்சுட்டு டீ குடிச்சுட்டுப் போறதுக்கு இது கல்யாண வீடா?" என்பார் அனார்குல் எஜே.

அன்றைக்கு வாசித்தவன் எர்மெக். கட்டிட வரைபடம் போடுகிறவன், முப்பது வயது, வாய் கொஞ்சம் நீளம். பூங்கா பெஞ்சுகள் வெயிலைப் பார்த்து இருக்க வேண்டும் என்று புத்தகம் சொன்னது.

"இத எழுதுனவரு ஊர்ல வெயிலே அடிக்காதா?" என்று கதவுப் பக்கமிருந்து குரல் வந்தது.

எல்லோரும் திரும்பினோம்.

"ஜூலைல இங்க வெயிலப் பாத்து எவன் உக்காருவான்? ஏப்ரிகாட் காயப் போடறதுன்னா சரி."

எர்மெக் சிரித்துவிட்டான். "அப்ப நீங்க எங்க போடுவீங்க, பைக்கே?" என்று கேட்டான். இங்கே மூத்த ஆணை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"தண்ணி சத்தம் கேக்குற எடத்துல."

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். மருந்துக்கடைக்கு எதிரே வாய்க்கால் ஒரு சாண் உயரம் குதித்து இறங்கும். நான் அந்த வழியாகத் தினம் போகிறவள், ஒரு நாளும் காதில் விழுந்ததில்லை. அடுத்த சனிக்கிழமை இரண்டு பெஞ்சுகளை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப்போய், சாலைக்கு முதுகும் தண்ணீருக்கு முகமுமாக ஓக் மர நிழலில் போட்டோம். முன்பு ஒரு பகலில் நாலு பேர் உட்கார்ந்த பெஞ்சில் பத்தொன்பது பேர் உட்கார்ந்ததாக ஜன்னல் வழியாக எண்ணிச் சொன்னார் அனார்குல் எஜே. அன்றிலிருந்து தொக்தோசுன் வட்டத்து ஆள்.

ரஷ்ய மொழியில் அவரால் வேகமாக வாசிக்க வராது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்துதான் புத்தகத்தைத் தொடுவார். ஒரே ஒரு பத்தி அவர் பங்கு. வரிக்கு அடியில் விரல் நகரும், நாங்கள் காத்திருப்போம். ஒரு வரி பிடித்துவிட்டால் யாரையும் கேட்காமல் இரண்டாவது தடவையும் வாசிப்பார். பிடிக்காவிட்டால் விரலை எடுத்துவிட்டு, "இது நம்ம ஊரு இல்ல" என்பார். பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகவே இருக்கும்.

நான் இங்கே ஒரு மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்த வந்து பதினோரு வருடம். ஆங்கிலப் புத்தகம் ஏதாவது கிடைத்தால் அதை எடுத்துச் சொல்வதும், கூட்டத்தில் பேசியதை நோட்டில் எழுதி வைப்பதும் என் பொறுப்பு. ஒரு ஜனவரி மாதம் கல்லூரி முடிந்து வரும்போது, பனி மூடிக் கிடந்த வாய்க்காலுக்குள் கால் போய்விட்டது. கணுக்கால் எலும்பு முறிந்தது. அந்த வழியாக வந்த தொக்தோசுன்தான் தூக்கிக் கரையேற்றி, டாக்சியில் ஏற்றி, எக்ஸ்ரே எடுக்கும்வரை கூடவே உட்கார்ந்திருந்தார். அன்று என் எண்ணைத் தன் போனில் போட்டுக்கொண்டார். என் பெயர் வாயில் நுழையவில்லை என்று 'கால் தங்கச்சி' என்று பதிந்து, என்னிடமே காட்டிச் சிரித்தார்.

அந்தக் குளிரில் நூலகத்தில் சூடு சரியில்லை. வீடு வீடாக முறை வைத்துக் கூடலாம் என்று முடிவு செய்தோம். யார் வீடோ அவர் புத்தகம். சாப்பிட்டு முடிந்ததும் இங்கத்து வழக்கப்படி மூத்தவர் கைகளை விரித்து ஆசி சொல்வார். எல்லோரும் 'ஓமீன்' என்று முகத்தைத் தடவிக்கொண்டால் சாப்பாடு முடிந்தது. அன்றைக்கு எடுத்த முடிவையும் அந்த ஆசியிலேயே சேர்த்துவிடலாம் என்றார் அனார்குல் எஜே. "அப்பத்தான் ஒருத்தரும் அப்புறம் நழுவ மாட்டீங்க." ஆசி கொடுத்துக் கை முகத்தைத் தொட்டுவிட்டால் அதற்கப்புறம் அந்தப் பேச்சை யாரும் திருப்ப மாட்டார்கள். எங்களில் மூத்தவர் தொக்தோசுன்.

பிப்ரவரியில் என் முறை வந்தது. வட்ட ரொட்டி, வெண்ணெய், ஜாம், அவர்களுக்காகப் புலாவ், எனக்காகச் சாம்பார். "மஞ்சள் ஷோர்போ இருந்தாத்தான் வருவேன்" என்று தொக்தோசுன் முன்பே சொல்லி வைத்திருந்தார். ஷோர்போ இங்கத்து ஆட்டுக்கறி சூப். சாம்பாரில் ஆட்டை இன்னும் காணோம் என்பது அவர் வழக்கமான குறை.

நான் எடுத்த புத்தகம் ஒரு மழை நாட்டுக்காரர் எழுதியது. வயதானவர்கள் அதிகம் இருக்கிற ஒரு தெருவில் ஓரத்துக் கால்வாயை மூடி, நடைபாதையை இரட்டிப்பாக்கிய கதை. ஆங்கிலத்தில் பார்த்து ரஷ்ய மொழியில் சொல்லிக்கொண்டே போனேன். எனக்குத் தெரிந்த தெருவோரத் திறந்த வாய்க்கால்கள் எல்லாம் நான் பிறந்து வளர்ந்த ஊரின் சாக்கடைகள். அவற்றை மூடினால் நல்லதுதான் என்று உடம்பிலேயே ஊறியிருந்தது. போதாததற்குச் சுவரோரம் என் ஊன்றுகோல் சாய்ந்து நின்றது.

"நாமும் ஒரு தெருவில் மூடிப் பார்த்தால் என்ன?" என்றேன்.

எர்மெக் உடனே ஒரு தாளைத் திருப்பி வரைந்தான். "ஓட்டை போட்ட குழாய். தண்ணி உள்ள போகும், ஓட்டை வழியா வேருக்கு எறங்கும். மேல நடைபாதை. மரமும் இருக்கும், மனுஷன் காலும் இருக்கும்."

"தள்ளுவண்டில குழந்தைய வச்சு ரோட்டு நடுவுல நடக்குறாளுங்க, பாவம். நல்ல யோசனை" என்றார் அனார்குல் எஜே.

தொக்தோசுன் ஒரு ரொட்டித் துண்டைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தார். "குழாய்க்குள்ள யாரு எறங்கி மண்ணு வார்றது?" என்றார்.

"ஐயோ பைக்கே!" என்றான் எர்மெக். "மண்வெட்டிக்கு வேலை போயிடும்னு பயந்துட்டீங்க! கவலைப்படாதீங்க, மண்வெட்டிய நூலகத்துல கண்ணாடிப் பெட்டில வச்சு, பக்கத்துல உங்களையும் நிக்க வச்சிடறோம்."

எல்லோரும் சிரித்தோம். எல்லோரையும்விட நான் அதிகம் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஊன்றுகோலை ஒரு தடவை பார்த்தார். "என் வாய்க்கால்தானே தங்கச்சி கால ஒடிச்சுது" என்று சொல்லிவிட்டு ரொட்டியைச் சாம்பாரில் தோய்த்துக்கொண்டார்.

அத்தனை வருடம் இங்கே இருந்தவளுக்கு இது தெரியாதா? ஒரு வீட்டில் ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டபின் அந்த வீட்டுக்காரர் சொல்லை விருந்தாளி மறுக்க மாட்டார். மிஞ்சினால் ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்விதான் அவருடைய மறுப்பு. எனக்குத் தெரியும். ஆனால் அன்று யோசனை என்னுடையது, வீடு என்னுடையது, எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறார்கள். வெளிநாட்டுக்காரி ஒருத்திக்கு அந்தத் தலையாட்டல் எவ்வளவு வேண்டியிருக்கிறது என்பது அப்படி வாழ்ந்தவர்களுக்குத்தான் புரியும். நோட்டில் நான் எழுதினேன்: 'யோசனை: வசுமதி. வரைபடம்: எர்மெக். குழாயில் மண் சேர்ந்தால் யார் வாருவது என்று தொக்தோசுன் கேட்டார். எல்லோரும் ஒப்புக்கொண்டோம்.'

அவர் கைகளை விரித்தார். "தெரு அகலமாகட்டும். யாரு காலும் ஒடியாம இருக்கட்டும். மரத்துக்குத் தண்ணி போகட்டும். ஓமீன்."

அந்த மூன்றாவது வரியை அப்போது நான் கவனிக்கவில்லை.

எர்மெக்கின் வரைபடத்தோடு வட்டத்தின் பெயரில் மனு போனது. மாநகராட்சியின் தோட்டப் பிரிவுக்காரர்கள் நூலகத் தெருவில் மட்டும் செய்து பார்க்கச் சம்மதித்தார்கள். இலையுதிர் காலத்துக்குள் வாய்க்கால் குழாயாகி, மேலே சாம்பல் நிறக் கற்கள் பதித்தாயிற்று. தள்ளுவண்டிகள் ஓடின. நானும் ஊன்றுகோல் இல்லாமல் ஒரு நடை நடந்து பார்த்தேன். மருந்துக்கடை எதிரே சத்தம் நின்றுபோனது. பெஞ்சில் உட்காருகிறவர்கள் குறைந்ததை அனார்குல் எஜே சொன்னபோது, குளிர் வந்துவிட்டதுதான் காரணம் என்றேன்.

ஏப்ரலில் தண்ணீர் வந்தது. மலைத் தண்ணீர் முதல் இரண்டு மாதம் தோசை மாவுப் பதத்தில் வண்டலோடுதான் வரும். திறந்த வாய்க்காலில் அதைத் தினம் வாரிப் போட ஒரு மண்வெட்டி இருந்தது. குழாய்க்குள் அது அப்படியே படிந்து இறுகியது. அவர் மடையைத் திறப்பார். தண்ணீர் குழாய் வாயிலேயே முட்டி, மேலே பொங்கி, தெரு முனையில் கார் கழுவும் கடை வாசலில் போய்த் தேங்கும். சந்தைப் பேச்சு அங்கிருந்துதான் முளைத்திருக்க வேண்டும்.

அந்தக் கோடையில் அவர் மருந்துக்கடைக் குழாயில் இரண்டு வாளி பிடித்து, ஒவ்வொரு மரமாக ஊற்றிக்கொண்டு போவதைப் பார்த்தேன். "என்ன பைக்கே, பழைய வேலைய விட முடியலையா?" என்றுகூடக் கேட்டேன்.

"கொஞ்சம் தாகமா இருக்கான்" என்றார், மரத்தைப் பார்த்தபடி.

அப்போதாவது வட்டத்தைக் கூட்டி, நாம் தப்புச் செய்துவிட்டோம் என்று நான் சொல்லியிருக்கலாம். மரங்களில் பாதியாவது மிஞ்சியிருக்கும். அடுத்த ஜூனில் முப்பத்தொரு ஓக் மரங்களும் இலையில்லாமல் நின்றன.

விசாரணைக் குழு போட்டார்கள். முராப் பதிவேட்டில் வாரா வாரம் தண்ணீர் திறந்ததாக இருக்கிறது, மரமோ காய்ந்திருக்கிறது, அப்படியென்றால் தண்ணீர் எங்கே போனது என்பது கேள்வி. எர்மெக் அதற்குள் வேலை கிடைத்துத் துபாய் போய்விட்டான். புதன்கிழமை காலை பத்து மணிக்கு நூலகக் கூடத்தில் குழு கூடுகிறது என்று அனார்குல் எஜே போன் செய்தார்.

"நோட்டு உங்கிட்டதானே இருக்கு, வசு? அதுல அவரு மண்ணப் பத்திக் கேட்டது இருக்கு. யோசனை யாரோடதுன்னும் இருக்கு. கொண்டு வா. அது ஒண்ணு போதும்."

"கொண்டு வரேன் எஜே" என்றேன்.

என் குடியிருப்பு அனுமதி அந்த மாதம்தான் புதுப்பிப்பதற்குப் போயிருந்தது. செவ்வாய்க்கிழமை, கல்லூரியில் வெளிநாட்டவர் காகிதங்களைப் பார்க்கும் பையனிடம் பேச்சுவாக்கில் இந்தக் குழுவைப் பற்றிச் சொன்னேன். அவன் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "எதுக்கு எஜே வம்பு? ரெண்டு மாசத்துக்கு எந்தக் குழுவுலயும் உங்க பேரு வராம பாத்துக்குங்க" என்றான். ஏதோ ஆகிவிடும் என்று அவன் சொல்லவில்லை. மீதியை நானே சேர்த்துக்கொண்டேன். புதன் காலை அனார்குல் எஜேவுக்குக் காய்ச்சல் என்று செய்தி அனுப்பினேன். நோட்டு சமையலறையில் குளிர்பதனப் பெட்டிக்கு மேலே இருந்தது. பத்து மணியிலிருந்து பன்னிரண்டுக்குள் இரண்டு தடவை போய், அது அங்கேதான் இருக்கிறதா என்று பார்த்தேன்.

கூட்டத்தில் நடந்ததைப் பிறகு அனார்குல் எஜே சொன்னார். குழாய் யோசனை யாருடையது என்று குழுவினர் கேட்டிருக்கிறார்கள். யோசனையும் வரைபடமும் வேறு ஆட்களுடையது, அவர் ஆட்சேபித்தார் என்று எஜே எழுந்து சொன்னாராம். எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்று எஜே உட்கார்ந்துவிட்டார். பிறகு தொக்தோசுன் பக்கம் திரும்பினார்கள்.

"நீங்க ஆட்சேபிச்சீங்களா?"

"ஆசி குடுத்தது நான். குடுத்துட்டு எப்படி ஆட்சேபிச்சேன்னு சொல்றது?"

"தண்ணி எங்க போச்சு?"

"தெறந்தேன். போகல. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினார்கள். அதை வைத்தே வேலையிலிருந்து எடுத்தார்கள்.

என் அனுமதி ஆறு வாரத்தில் வந்தது. எப்போதும் போடும் முத்திரை. வாசிப்பு வட்டத்தைப் பற்றி ஒரு ஆளும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு நாள் பேருந்து நிறுத்தத்தில் தொக்தோசுனின் மனைவி பூபுசாரா எஜேவைப் பார்த்தேன். தையல் கடையிலிருந்து வந்துகொண்டிருந்தார், உதட்டில் நூல் ஒட்டியிருந்தது. நான் நலம் விசாரித்தேன். அவர் பதிலுக்கு என் கணுக்காலைப் பார்த்தார்.

"காலு நல்லாயிடுச்சா?"

"ஆயிடுச்சு எஜே."

"அப்ப அன்னிக்கு நூலகம்வரைக்கும் நடந்து வந்திருக்கலாமே" என்றார். பேருந்து வந்தது, ஏறிக்கொண்டார்.

சந்தையில் அந்தச் சாலட்டை வாங்கிய அன்று மாலைதான் நோட்டை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். இந்த ஊரில் வந்தவருக்கு டீ ஊற்றாமல் பேசத் தொடங்க மாட்டார்கள். அனார்குல் எஜே கெட்டிலைத் தொடவில்லை. பக்கத்தைப் படித்தார், மூடினார்.

"இத இப்பக் குடுத்தாலும் அவரு மேல உள்ள பழி போகும். கார் கழுவுற கடைக் கதையும் நிக்கும். உன் பேரு வரும், எர்மெக் பேரு வரும், என் பேரும் வரும். வரட்டும். ஆனா அவரக் கேக்காம குடுக்க மாட்டேன். தான் குடுத்த ஆசிய நாம திருப்பிட்டோம்னு ஆயிடும் அவருக்கு."

"நீங்களே கேளுங்களேன், எஜே."

"நோட்டு யாருகிட்ட இருந்துச்சு?"

தொக்தோசுன் இப்போது நாரின் பக்கம், தம்பியின் ஆடுகளோடு கோடை மேய்ச்சல் மலையில் இருக்கிறார். அங்கே ஒரே ஒரு மேட்டில்தான் சிக்னல் வரும். தினம் மாலை ஆறு மணி வாக்கில் அந்த மேட்டில் ஏறி மனைவியோடு பேசுவாராம். அனார்குல் எஜே கேட்டதற்காக பூபுசாரா எஜே இதைச் சொன்னார். என்னிடம் நேரடியாகச் சொல்லவில்லை.

மூன்று நாளாகச் சரியாக ஆறு மணிக்குக் கூப்பிடுகிறேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று பதிவுக்குரல்தான் சொன்னது. இன்று ஆறே காலுக்கு, மருந்துக்கடை எதிரே அந்த பெஞ்சில் உட்கார்ந்து கூப்பிட்டேன். பக்கத்து பெஞ்சில் யாரும் இல்லை. தலைக்கு மேலே வெறும் கிளைகள். வெட்டவேண்டிய மரங்களுக்கு அடிப்பகுதியில் சிவப்பு வண்ணத்தில் எண் போட்டிருக்கிறார்கள். என் பின்னால் இருப்பது பதினேழு.

பதிவுக்குரல் வரவில்லை. மணி அடிக்கிறது. அப்படியென்றால் அவர் மேட்டில்தான் நிற்கிறார், போன் அவர் கையில்தான் இருக்கிறது, திரையில் 'கால் தங்கச்சி' என்று வந்திருக்கும். முதலில் என்ன சொல்வது என்று மூன்று நாளாக யோசித்து வைத்திருந்தது எதுவும் இப்போது நினைவுக்கு வரவில்லை. நோட்டு மடியில் திறந்து கிடக்கிறது. அவர் கேட்ட கேள்விக்கு அடியில் விரலை வைத்திருக்கிறேன்.

மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.